கீழே சரி

பை காலில் இடிக்குதா அம்மிணி? சித்த இருங்க, என் பக்கம் இழுத்துக்கறேன். கனமான பை. மேலே வைக்கலாம்னா கண்டக்டர் விட மாட்டேங்கறார். "ஏனுங்க, பிரேக் அடிச்சா இது யார் மண்டையில விழும்? உங்க மண்டையா, என் மண்டையா?"ன்னு கேக்கறார். நியாயம்தான். உள்ளே இருக்கறது பிஸ்டன். நாலு பிஸ்டன். ஒரு கார் இஞ்சினுக்குள்ளே மேலும் கீழும் ஓடிக்கிட்டிருந்தது, இன்னிக்கு டிக்கெட் வாங்காம பஸ்ஸில் போகுது.

துப்பட்டாவில் ஆயில் படாது, பயப்படாதீங்க. ஒவ்வொண்ணையும் பேப்பரில் சுத்தி, கவர் போட்டு, மேலே கயிறு கட்டியிருக்கேன். கயிறு லூசாயிடுச்சோ? இல்லை, சரியா இருக்கு. ஏறினதில் இருந்து நாலு தடவை அவிழ்த்துக் கட்டிட்டேன். கை சும்மா இருக்க மாட்டேங்குது.

இது கோயமுத்தூர் வண்டிதானே? உடுமலையில் ஏறும்போதே கேட்டேன், ஆமான்னாங்க. இருந்தாலும் ஒரு தடவை கேட்டுக்கறது. போர்டு படிக்கத் தெரியாதவன்னு நினைச்சுடாதீங்க, நான் பத்தாவது பாஸ். இப்பல்லாம் எழுத்து லைட்டில் ஓடுது. ஓடற எழுத்தை எவன் படிக்கறது?

நீங்க காலேஜா? தலையைத்தான் ஆட்டறீங்க. பேச மாட்டீங்க போல. போச்சாது, பேசறதுக்கு நான் இருக்கேன். இந்த வயசுலேயே கண்ணாடி போட்டிருக்கீங்களே. படிச்சுப் படிச்சுக் கண்ணைக் கெடுத்துக்கறது. எனக்கு ஐம்பத்து மூணு. கண்ணாடி கிடையாது. என்னோட வேலைக்குக் கண்ணு ரெண்டாம்பட்சம், அம்மிணி. காதும் விரலும்தான். இதோ, இந்த வண்டியைக் கேளுங்க. மேட்டில் மூணாவது கியரில் ஏற வேண்டியதை டிரைவர் நாலில் வச்சு இழுக்கறார். இஞ்சின் இருமுது. கேக்குதா? உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது. பொள்ளாச்சி போய்ச் சேர்றதுக்குள்ளே எனக்கே இருமல் வந்துடும்.

எதுக்குக் கோயமுத்தூர் போறேன்னு கேக்கலியே நீங்க? சொல்றேன். தீர்ப்புக்குப் போறேன். கோர்ட்டுக்கு இல்லை. லேத் பட்டறைக்கு. அங்கே ஜோசப் அண்ணன்னு ஒருத்தர். இஞ்சின் கடைசல் வேலையில் அவர் சொன்னா அதுக்கு மேல பேச்சில்லை. இந்த நாலையும் அவர் மேஜையில் வச்சு, "அண்ணா, யார் பேரில் தப்பு? என் பேரிலயா, நாச்சிமுத்து பேரிலயா?"ன்னு கேக்கப் போறேன். யார் பேரில் தப்போ அவன் பேரைப் போர்டில் இருந்து அழிச்சுடறது. இதை நான்தான் சொன்னேன். அவன் ஒத்துக்கவும் இல்லை, மாட்டேங்கவும் இல்லை. அவன் எப்பவுமே அப்படித்தான்.

நாச்சிமுத்து என் கூட்டாளி. இருபத்திரண்டு வருஷம். "திருமூர்த்தி நாச்சிமுத்து கார் ஒர்க்‌ஷாப்"னு உடுமலையில் தாராபுரம் ரோட்டில் போர்டு பார்க்கலாம். திருமூர்த்தி நான். யார் பேர் முதல்லன்னு அப்பவே ஒரு பேச்சு வந்தது. "கீழ் வேலைதான் அஸ்திவாரம், அதனால என் பேர் முதல்ல"ன்னேன். "வச்சுக்க மாப்ள, மழை பெஞ்சா முதல்ல உன் பேர்தான் நனையும்"னான்.

கீழ் வேலை, மேல் வேலைன்னா என்னன்னு சொல்லணுமே. இஞ்சினை ரெண்டாப் பிரிச்சுக்கிட்டோம். மேல் பாதியில் வால்வு, கீழ் பாதியில் பிஸ்டன். மேலே அவன், கீழே நான். அவன் பாதியில் நான் கை வைக்க மாட்டேன், என் பாதியில் அவன் வைக்க மாட்டான். ரெண்டையும் சேர்க்கறது ஒரு பெல்ட். பல்லு வச்ச ரப்பர் பெல்ட். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். ரெண்டிலும் கம்பெனிக்காரன் ஒரு புள்ளி போட்டிருப்பான். மேல் புள்ளி அதுக்கான இடத்தில் நிக்கணும், கீழ்ப் புள்ளி அதுக்கான இடத்தில் நிக்கணும். அப்பதான் பெல்ட்டை மாட்டணும். ஒரு பல்லு தள்ளிப் போச்சுன்னா வால்வு ஒரு நேரத்தில் திறக்கும், பிஸ்டன் ஒரு நேரத்தில் வரும். வண்டி நடக்கும், ஆனா இழுக்காது. புருஷன் பெண்டாட்டி பேசாம ஒரே வீட்டில் இருக்கற மாதிரி.

அதுக்கு எங்ககிட்ட ஒரு வழக்கம். அவன் மேலே குனிஞ்சுக்கிட்டு "மேலே சரி"ம்பான். நான் கீழே படுத்துக்கிட்டு "கீழே சரி"ம்பேன். ரெண்டு குரலும் வந்தாத்தான் பெல்ட் ஏறும். இருபத்திரண்டு வருஷமா. எதிர்த்தாப்பல டீக்கடை வச்சிருக்கற குமரேசன், டீ ஆத்தும்போது எங்களைப் பார்த்துக்கிட்டே "மேலே சரி, கீழே சரி"ன்னு ஆத்துவான். சிரிப்பா இருக்கும்.

ஒண்ணு சொல்லணும். ரெண்டு மூணு வருஷமா அவனுக்கு ஒரு சந்தேக புத்தி வந்துடுச்சு. நான் "கீழே சரி"ன்னு சொன்ன பிறகும் டார்ச்சை எடுத்துக்கிட்டு இறங்கி வந்து, என் பக்கத்தில் குந்தி, புள்ளியை ஒரு தடவை பார்ப்பான். சில சமயம் ஸ்பேனரைப் போட்டு சக்கரத்தை ஒரு இம்மி திருப்புவான். "ஏண்டா, என் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னா, "முதுகு வலிக்குது மாப்ள, அதான் குனிஞ்சு நிமிர்றேன்"பான். பேச்சைப் பாருங்க. முதுகு வலிக்கறவன் குனிவானா?

அதுவாவது போகட்டும். ரிங் மாட்டற அன்னிக்கு இன்னொரு கூத்து. பிஸ்டனைச் சுத்தி மூணு ரிங் வரும், இரும்பு வளையம். அதைத் தொடறது என் வேலை. இவன் என்ன பண்ணுவான்னா, நான் கை கழுவிட்டு வர்றதுக்குள்ளே வெள்ளைத் துணி விரிச்சு, பன்னண்டு ரிங்கையும் பந்தியில் இலை போட்ட மாதிரி வரிசையா அடுக்கி வச்சிருப்பான். "எடுத்து அப்படியே மாட்டு மாப்ள, திருப்பாதே"ம்பான். நான் கேட்டேனா? கேக்கலை. முன்னெல்லாம் இந்தப் பழக்கம் இல்லை. வயசானா சிலருக்குச் சுத்தப் பைத்தியம் பிடிக்கும்ல, அப்படின்னு விட்டுட்டேன்.

ஜன்னலைச் சித்த திறக்கறீங்களா? காத்தே இல்லை. ஆங், போதும்.

ஆடி மாசம் ரெபேக்கா டீச்சர் காரை விட்டாங்க. அமராவதி அணை பக்கம் பள்ளிக்கூடம், தினம் போய் வரணும், ஒரு பஸ்ஸும் நேரத்துக்குக் கிடையாது. பழைய கார். டிக்கியில் எப்பவும் ஒரு ஆயில் டப்பா. "அண்ணா, நான் ஒரு நாளைக்கு ரெண்டு காபி குடிக்கறேன். இது என்னைவிட மோசமா இருக்கு"ன்னாங்க. எண்ணூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் காணாமப் போகுது. பின்னாடி நீலப் புகை. பள்ளிக்கூடத்துப் பசங்க அதுக்குக் கொசு மருந்து வண்டின்னு பேர் வச்சுட்டாங்களாம். கேட் திறந்ததும் புகைக்குப் பின்னாடி ஓடி வர்றாங்களாம். "சிரிக்காதீங்கண்ணா, தலைமை ஆசிரியரே மூக்கைப் பொத்தறார்"னாங்க.

ஆயில் குடிக்குதுன்னா பெரும்பாலும் ரெண்டு வழிதான், அம்மிணி. வால்வில் ஒரு ரப்பர் சீல் இருக்கு, அது காய்ஞ்சா ஆயில் மேலே இருந்து இறங்கும். ரிங் தேய்ஞ்சா கீழே இருந்து ஏறும். எப்படி வந்தாலும் உள்ளே போய் எரியும். எந்த வழின்னு கண்டுபிடிக்கறதுதான் வித்தை. பிளக்கைக் கழட்டிட்டு, மீட்டர் வச்சு அழுத்தம் பார்க்கணும். கம்மியா வரும். அப்புறம் அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கணும். அழுத்தம் ஏறுச்சுன்னா ரிங். விட்ட ஆயில் அந்த இடுக்கை அடைச்சுடுதில்லையா, அதனால. ஏறலைன்னா வால்வு.

பார்த்தோம். ஏறுச்சு. "கீழதான்"னேன். "கீழதான் மாப்ள, ஆனா சீலும் பழசு, நான் மேலயும் மாத்திடறேன்"னான். அது வரைக்கும் ஒரு சண்டை சச்சரவு இல்லை.

ரிங் வந்த அன்னிக்குப் பார்த்து அவனுக்கு நாமக்கல் போக வேண்டியிருந்தது. மகளை நர்சிங் காலேஜில் சேர்க்கறதுக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் போறவன் பாதியில் பைக்கைத் திருப்பிக்கிட்டு வந்து, "மாப்ள, நாளைக்கு மதியம் வந்துடுவேன். நான் வர்ற வரைக்கும் ரிங் மாட்டிடாதே"ன்னான். எப்படி இருக்கு பாருங்க. என் வேலை. என் பாதி. நான் அவன் வால்வில் எப்பவாவது மூக்கை நுழைச்சிருக்கேனா?

அன்னிக்கே மாட்டினேன். அவன் பஸ் ஏறி அரை மணியில் மாட்ட ஆரம்பிச்சேன்.

ரிங்குக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் உண்டு. அதுவும் ரெண்டாவது ரிங்குக்கு முக்கியம். அது ஆயிலைக் கீழே வழிச்சு விடற ரிங். தலைகீழா மாட்டினா மேலே வழிச்சு விடும். பம்ப்பு மாதிரி. அதுக்குத்தான் மேல் பக்கத்தில் கம்பெனிக்காரன் ஒரு எழுத்து அடிச்சிருப்பான். கடுகு அளவு எழுத்து. நான் அதையெல்லாம் பார்க்கறதில்லை. ஓரத்தில் ஒரு சரிவு இருக்கும், நகத்தால தடவினா சொல்லிடும். முப்பது வருஷமா என் நகம்தான் சொல்லுது. இந்தத் தடவை வந்த ரிங் ரொம்ப வழவழன்னு இருந்தது, அது வாஸ்தவம். கூட ஒரு காகிதம் வச்சிருந்தான், எறும்பு ஊர்ற மாதிரி என்னமோ பொடி எழுத்து. கம்பெனிக்காரன் காகிதத்தைப் படிச்சா நான் வேலை கத்துக்கிட்டேன்?

மறுநாள் மதியம் வந்தான். மாட்டி முடிச்சு, பிஸ்டன் உள்ளே போயாச்சு. பார்த்தான்.  "எல்லாம் பார்த்துத்தானே போட்டே?"ன்னான். "பின்னே கண்ணை மூடிக்கிட்டா?"ன்னேன். "மேலே சரி", "கீழே சரி", டார்ச், குந்தறது, எல்லாம் வழக்கம் போல நடந்தது. வண்டி பிரமாதமா இழுத்தது. டீச்சர் லட்டு வாங்கிட்டு வந்து கொடுத்தாங்க.

இருபது நாள். ஆவணி பொறக்கறதுக்குள்ளே திரும்பி வந்தாங்க. லட்டு இல்லை. "அண்ணா, முன்னே எண்ணூறுக்கு ஒரு லிட்டர். இப்ப ஐந்நூறுக்கு ஒரு லிட்டர்"னாங்க. எனக்குச் சட்டுனு தெரிஞ்சு போச்சு. மேல் வேலை சொதப்பல். சீல் சரியா உட்காரலை. அதைத்தானே நினைப்பாங்க யாரும்? கீழேதான் புது ரிங் போட்டாச்சே.

நாச்சிமுத்து டீச்சர்கிட்ட ஒரே கேள்வி கேட்டான். "காலைல முதல்ல ஸ்டார்ட் பண்ணும்போது புகை வருதுங்களா, மேடு ஏறும்போது வருதுங்களா?" "காலைல ஒண்ணும் இல்லை, அணை மேட்டில்தான்"னாங்க. என்னைத் திரும்பிப் பார்த்தான். சீல் போனா, நைட்டெல்லாம் சொட்டி நின்னு காலைல புகையும். ரிங் போனா, பாரம் இழுக்கும்போது புகையும். இது எனக்கும் தெரியும். ஆனா டீச்சருக்குக் காலைல அவசரம், பின்னாடி போய்ப் பார்த்திருப்பாங்களா? அதைச் சொன்னேன். "பார்த்தேன்"னாங்க. சொல்லத்தான் செய்வாங்க.

அவன் வாதாடலை. மேல் பாதியைக் கழட்டி, சீலெல்லாம் மறுபடி புதுசா மாத்தினான். ரெண்டு நாள் தனியா. நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். கழட்டின சீலை என் உள்ளங்கையில் வச்சான். "நல்லாத்தான் இருக்கு மாப்ள, தொட்டுப் பாரு"ன்னான். தொட்டேன். மெத்துன்னுதான் இருந்தது. அப்புறம் சொன்னான் பாருங்க, டீச்சர் நிக்கறாங்க, குமரேசன் டீ கொண்டாந்து நிக்கறான், அவங்க முன்னாடி. "திருமூர்த்தி, ஒரு தடவை ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிட்டு வா."

மெதுவாத்தான் சொன்னான். சத்தமாச் சொல்லலை. ஆனா சொன்னான்.

உங்களுக்குப் புரியாது அம்மிணி, உங்களுக்குக் கண்ணாடி அழகுக்கு. எங்க தொழிலில் அப்படி இல்லை. பழனி ரோட்டில் பரமசிவம்னு ஒரு மெக்கானிக் இருந்தார். நல்ல வேலைக்காரர். ஒரு நாள் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தார். "பூதக்கண்ணாடி மெக்கானிக்"னு ஒருத்தன் பேர் வச்சான், அது ஊரெல்லாம் பரவிடுச்சு. "அவருக்கு போல்ட்டு எங்கே இருக்குன்னு கார்தான் சொல்லணும்"னு பேசிக்கிட்டாங்க. ஒரு வருஷத்தில் ஷெட்டைக் காலி பண்ணிட்டார். அந்தப் பேர் வச்சவன் யாருன்னா கேக்கறீங்க? நான்தான். சும்மா விளையாட்டுக்கு வச்சது. இவ்வளவு தூரம் போகும்னு யார் கண்டா.

விடுங்க. அன்னிக்கு எழுந்து போய் இஞ்சினுக்குக் கீழே படுத்துட்டேன். பெல்ட் மாட்டணுமே. அவன் மேலே நிக்கறான். நான் கீழே. புள்ளியைக் கொண்டு வந்து வச்சேன். அவன் "மேலே சரி"ங்கலை. நான் "கீழே சரி"ங்கலை. அவனா சொல்லட்டும்னு நான், நானா சொல்லட்டும்னு அவன். அஞ்சு நிமிஷம் இருக்கும்.  கடைசியில் பெல்ட் ஏறுச்சு. யாரும் வாய் திறக்கலை. அவன் டார்ச் எடுத்துக்கிட்டு இறங்கியும் வரலை.

வண்டியை எடுத்தா, இழுக்கவே இல்லை. நின்ன இடத்தில் உறுமுது, மேட்டில் மூச்சு வாங்குது. கூடவே பழைய புகை. மறுநாள் அவன் பெல்ட் மூடியைக் கழட்டிப் பார்த்தான். "கீழ ஒரு பல்லு தள்ளி இருக்கு"ன்னான். "மேலே தள்ளி இருக்கும்"னேன். "வந்து பாரு"ன்னான். "எனக்குப் பார்க்கத் தேவையில்லை, என் விரலுக்குத் தெரியும்"னேன். அப்பத்தான் போர்டு விஷயம் என் வாயில் வந்துடுச்சு. ஜோசப் அண்ணன் சொல்லட்டும், தப்புப் பண்ணினவன் பேரை அழிச்சுடலாம்னு. அவன் கையைத் துடைச்சான். "போர்டு எங்கயும் போகாது மாப்ள. நீ கண்ணைக் காட்டு"ன்னான். தன்னோட டூல் பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

பத்தொன்பது நாள் ஆச்சு. வீட்டில்தான் இருக்கான். டீச்சர் தினம் ரெண்டு பஸ் மாறிப் போறாங்க. போகும்போது ஷெட்டைப் பார்த்துக்கிட்டே போறாங்க, ஒண்ணும் கேக்கறதில்லை. அதுதான் தாங்க முடியலை. குமரேசன் இப்ப ஒரு டீதான் கொண்டாறான். ஆத்தும்போது வாயே திறக்கறதில்லை.

என்ன இது, பொள்ளாச்சி தாண்டிட்டோமா? நிறுத்தினானா? ஆமா, ஆள் ஏறினாங்களே. பேச்சில் கவனிக்கலை.

நேத்து நானே எல்லாத்தையும் கழட்டி பிஸ்டனை வெளியே எடுத்தேன். ரிங்கைக் கழட்டலை, இருந்தது இருந்தபடி பேப்பரில் சுத்திட்டேன். சாட்சியில் கை வைக்கக் கூடாதில்லையா? நீங்களே பார்த்துடலியான்னு கேக்கறீங்க. என் வேலையை நானே பார்த்து நானே சரின்னா யார் நம்புவா? அதுவும் போக ஷெட்டுக்குள்ளே வெளிச்சம் பத்தாது. ரெண்டு ட்யூப் லைட் போட்டும் இருட்டா இருக்கு. கரண்ட் முன்ன மாதிரி வர்றதில்லை.

உங்களுக்கு ஒண்ணு காட்டறேன். காட்டட்டுமா? படிச்ச பிள்ளை, தெரிஞ்சு வச்சுக்கங்க. இதோ, இதுதான் பிஸ்டன். இந்த வழவழன்னு கறுப்பா இருக்கறது தலை. இந்தத் துணியால பிடிச்சுக்கங்க, கை கறுப்பாயிடும். தலை மேலே இருக்கட்டும். மேலே இருந்து எண்ணினா ரெண்டாவது ரிங். அதில் ஒரு இடைவெளி தெரியுதா, வளையம் முழுசா மூடாம? அதுக்கு எதிர்ப் பக்கம் கட்டை விரலால தள்ளுங்க. தள்ளினா அந்த நுனி வெளியே நீட்டும். ஆங், அப்படித்தான். இப்ப நுனியில், மேல் பக்கம், ஒரு எழுத்து இருக்கணும். கடுகு அளவு. ஜன்னல் பக்கம் பிடிச்சுப் பாருங்க.

இருக்கா? மேல் பக்கம்தானே? நல்லாப் பாருங்க. மேல் பக்கம்தான்! என்ன எழுத்து? ஆங்! சொன்னேன்ல? நகம் பொய் சொல்லாது அம்மிணி. இதை ஜோசப் அண்ணன் பார்க்கணும், நாச்சிமுத்து பக்கத்தில் நிக்கணும். கண்ணைக் காட்டணுமாம், கண்ணை.

இருங்க, அடுத்ததையும் பார்த்துடலாம். இந்தக் கவர் ஒண்ணு, வாயில கடிச்சாத்தான் பிரியும். இந்தாங்க. அதே மாதிரி. ரெண்டாவது ரிங். தள்ளுங்க.

இல்லையா? மேல் பக்கம் இல்லையா? தேய்ஞ்சிருக்குமோ. கரி படிஞ்சிருக்கும், துணியால துடைங்க. இன்னும் இல்லையா?

கீழ்ப் பக்கம் பாருங்க.

பிஸ்டனைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்களா? கறுப்புத் தலை மேலேதானே இருக்கு? ம். மேலேதான் இருக்கு. எனக்கும் தெரியுது அது.

மூணாவதைப் பாருங்க. வேகமாத் தள்ளாதீங்க, உடைஞ்சுடும். உடைஞ்சா உடையட்டும், பாருங்க.

கீழயா?

நாலாவது?

மேலே. சரி. மேலே.

ஆக ரெண்டு மேலே, ரெண்டு கீழே. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். முப்பது வருஷ நகம்.

இல்லை, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். துணியைக் குடுங்க. விரலில் ஒட்டியிருக்கு பாருங்க, துடைச்சுக்கங்க. நாலாவதை நான் சுத்திக்கறேன்.

அந்த வெள்ளைத் துணி இருக்கே அம்மிணி. பன்னண்டு ரிங்கையும் அடுக்கி வைப்பானே. எடுத்து அப்படியே மாட்டு, திருப்பாதேம்பானே. எழுத்து மேல் பக்கம் இருக்கற மாதிரி அடுக்கியிருக்கான். ஒவ்வொரு தடவையும். ரெண்டு மூணு வருஷமா எத்தனை இஞ்சின்! அதில் ஒண்ணுகூடத் திரும்பி வரலை. ஊரெல்லாம் நான்தான் கீழ் வேலையில் கெட்டின்னு பேர். அவன் ஒரு நாளும் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை. என்கிட்டயே சொல்லலையே. முதுகு வலிக்குதாம் அவனுக்கு. குனிஞ்சு நிமிர்றானாம்.

அவன் நாமக்கல் போன ஒரே ஒரு நாள்.

வண்டி ஏன் இப்படி ஊர்ந்து போகுது? மிதிக்கச் சொல்லுங்க. இல்லை, வேண்டாம், நிக்கட்டும். எங்கே போய் என்ன பண்ணப் போறேன் நான்? ஜோசப் அண்ணன் இதைக் கையில் எடுத்த நிமிஷமே பார்த்துடுவார். அவர் கண்ணாடி போட்டிருப்பார். அப்புறம் போர்டு. அழிச்சுடலாம்னு சொன்னது நான்தானே. அழிச்சுடலாம். முதல் பேர்தான், சுலபமா அழிச்சுடலாம். ஆனா அவன் பேர் மட்டும் தனியா நின்னா நல்லாவா இருக்கும்? அவனுக்கே பிடிக்காது.

போன் எங்கே வச்சேன்? சட்டைப் பையில்தான் இருந்தது. இதோ. இது பட்டன் போன், பெயரெல்லாம் தேட வேண்டியதில்லை. ஒண்ணை அழுத்திப் பிடிச்சா நாச்சிமுத்துக்குப் போகும். என் மகன் வச்சுக் குடுத்தது. ஒரு நாளைக்குப் பத்து தடவை அழுத்துவேன், சாவி எங்கே, டீ வந்துடுச்சு, எங்கடா இருக்கேன்னு. பத்தொன்பது நாளா விரல் அது மேல போய்ப் போய் வந்துடும்.

அடிக்குது.

எடுக்க மாட்டான். எடுக்க மாட்டான் பாருங்க. நானா இருந்தா எடுக்க மாட்டேன்.

மாப்ள.

நான்தான். ம். ம். பஸ்ஸில் இருக்கேன். சத்தம் கேக்குதா, பஸ்தான். இல்லைடா, இன்னும் போகலை. ஜோசப் அண்ணனை இன்னும் பார்க்கலை. அதுக்கு இல்லை. நீ சித்த பேசாம இரு, நான் ஒண்ணு சொல்லணும்.

கீழே சரியில்லை.

கீழே சரியில்லை மாப்ள. ரெண்டு ரிங் தலைகீழ். ரெண்டாவது பிஸ்டனிலும் மூணாவதிலும். நான் பார்க்கலைடா, பக்கத்தில் ஒரு பிள்ளை பார்த்துச் சொல்லுச்சு. ஆமா. பல்லும் என்னுதாத்தான் இருக்கும். ஆமா. தெரியும். இல்லை, அழலை, பஸ்ஸில் ஜன்னல் திறந்திருக்கு.

டீச்சருக்கு நீ சொல்லு. ரெண்டு பேருமா? சரி. ரெண்டு பேருமே போய்ச் சொல்லலாம்.

இப்பவா? நீயா வர்றே? பைக்கிலயா? எதுக்குடா, நானே திரும்பி வந்துடுவேன். சரி, சரி, கத்தாதே. இறங்கி நிக்கறேன். எங்கே இருக்கேனா? இரு, கேட்டுச் சொல்றேன்.

அம்மிணி, அதோ ரோட்டோரம் பச்சைப் போர்டு வருதே, அதில் என்ன ஊர்னு போட்டிருக்கு? எனக்குத் தெரியலை. சித்த படிச்சுச் சொல்லுங்க.